மாடியில் சோலார்: எந்த வீட்டுக்கு லாபம், எந்த வீட்டுக்கு அவசரம் வேண்டாம்?



செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, புட்லூர், திருவள்ளூர் என்று நம் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் புதிதாக எழும் வீடுகளின் மாடிகளில் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் பளபளப்பதைப் பார்த்து வருகிறோம். "நாமும் சோலார் போட்டுவிட்டால் கரண்ட் பில்லே வராதாமே!" என்ற பேச்சு ஜும்ஆவுக்குப் பிறகும் நடக்கிறது, கல்யாண வீட்டிலும் நடக்கிறது. "மானியம் தருகிறார்கள், லோன் தருகிறார்கள், உடனே கையெழுத்துப் போடுங்கள்" என்று வீடு தேடி வருபவர்களும் பெருகிவிட்டார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஒரு குடும்பம் பல ஆண்டு சேர்த்த பணம் இதில் போகிறது. சில குடும்பங்கள் இதற்காகவே முதன்முறையாக வட்டிக் கடனுக்குள் காலை வைக்கும் நிலையும் இருக்கிறது. ஆகவே எந்த வீட்டுக்கு இது உண்மையில் பயன், எந்த வீட்டுக்கு இப்போது தேவையில்லை, பணம் குறைவாக இருந்தால் முதலில் எதைச் செய்வது என்பதை எண்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு

நம் வீட்டு சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்குக்கான மின்சாரத்தில் பெரும் பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. அந்த நிலக்கரி எரியும் இடம் தொலைவில் இல்லை. அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் அனல்மின் நிலையமும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பூண்டி ஏரியில் இருந்து வரும் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, மீனவர்களின் பிழைப்பு கெட்ட கதை பல ஆண்டுகளாகச் செய்தியில் வருவதுதான். ஒரு யூனிட் மின்சாரம் செய்ய ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் யாரோ ஒரு அண்டை வீட்டார் சாம்பலைச் சுவாசிக்கிறார்.

வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். பூமியும் அதன் வளங்களும் நம்மிடம் அமானிதம். இந்த எண்ணத்தோடு செய்தால், கரண்ட் பில்லைக் குறைப்பதும் ஒரு நல்ல அமலாக ஆகலாம், இன்ஷா அல்லாஹ்.

முதலில் பில்லைப் படியுங்கள்

சோலார் போடலாமா வேண்டாமா என்பதற்குப் பதில் சோலார் கம்பெனிக்காரரிடம் இல்லை. உங்கள் மின் கட்டண அட்டையில் இருக்கிறது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். கடைசி ஆறு பில்களை எடுத்து வையுங்கள். ஒரு வருடக் கணக்கு கையில் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் திருத்திய அட்டவணைப்படி தோராயமாகச் சொன்னால்:

• மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் கீழே.
• 201 முதல் 400 வரை, ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் கீழே.
• 401 முதல் 500 வரை, ஏறக்குறைய ஆறரை ரூபாய்.
• 501 முதல் 600 வரை, ஏறக்குறைய எட்டரை ரூபாய்.
• 601 முதல் 800 வரை ஒன்பதரை, 1,000 வரை பத்தரை, அதற்கு மேல் பதினொன்றரைக்கும் அதிகம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். 500 யூனிட்டில் நின்ற வீட்டுக்கு ரூ.1,800 அளவுக்கு வரும் பில், 510 யூனிட் ஆனதும் ரூ.2,100-ஐத் தாண்டுகிறது. பத்தே யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்! "போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பில் மட்டும் எகிறிவிட்டதே" என்று திகைப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

மூன்று வீடுகள், மூன்று கணக்கு

ஒரு கிலோவாட் சோலார் நம் பகுதியில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும் என்று கொள்ளலாம். மழை நாளில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட். இதை வைத்து மூன்று வீடுகளுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோவாட் சோலாருக்கு, மானியம் போக, கையில் இருந்து 30 முதல் 45 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மானிய விவரம் பின்னால் வருகிறது.

முதல் வீடு: இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். மூன்று ஃபேன், நான்கு விளக்கு, ஒரு பழைய ஃபிரிட்ஜ், டிவி. பில் இருநூறு ரூபாய்க்குள். சோலார் போட்டால் மிச்சமாவதும் அந்த இருநூறு ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் பேனலின் ஆயுளே முடிந்துவிடும். இந்த வீட்டுக்கு சோலார் தேவையே இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும், "வேண்டாம் பாய், ஜஸாகல்லாஹ்" என்று அனுப்பிவிடலாம்.

இரண்டாவது வீடு: 400 யூனிட். பில் ஏறக்குறைய ரூ.1,200. ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து 160 யூனிட்டுக்கே பணம் கட்ட வேண்டும், பில் ரூ.150 அளவுக்கு இறங்கும். ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு ஆறாயிரம் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஐந்து முதல் எட்டு வருடம். கையில் சும்மா இருக்கும் பணம் என்றால் செய்யலாம். கடன் வாங்கிச் செய்ய வேண்டிய அவசரம் இல்லை.

மூன்றாவது வீடு: 640 யூனிட். இரவில் ஏசி ஓடுகிறது, கூட்டுக் குடும்பம், வாஷிங் மெஷின், மோட்டார். பில் ஏறக்குறைய ரூ.3,300. இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, மிச்சம் 160 யூனிட். பில் மீண்டும் ரூ.150 அளவு. வருடத்துக்கு ஏறக்குறைய பத்தொன்பதாயிரம் ரூபாய் மிச்சம். போட்ட பணம் நான்கு, ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். அதன் பிறகு இருபது வருடம் லாபம்.

ஒரே பொருள்தான். முதல் வீட்டுக்கு நஷ்டம், மூன்றாவது வீட்டுக்கு லாபம். விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகளைச் சோலார் முதலில் வெட்டுவதால்தான் இந்த வித்தியாசம். இதே காரணத்தால், தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவதிலும் பயன் இல்லை. இலவச 100 யூனிட்டைக்கூட வெட்டும் அளவுக்கு சோலார் போட்டால், சும்மா கிடைப்பதைப் பணம் கொடுத்து வாங்கியது போலாகும்.

பகலில் விளைவது இரவில் எப்படி உதவும்?

"பகலில் வீட்டில் ஆளே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போய்விடுகிறோம். ஏசி போடுவது இரவில். ரமளானில் ஸஹருக்கு எழுந்தால் விளக்கு எரிவதும் இருட்டில்தான். அப்புறம் பகல் வெயிலால் என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

பதில், நெட் மீட்டர். பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு மின்வாரியம் இதைப் பொருத்தும். பகலில் உங்கள் மாடியில் விளைந்து, வீட்டில் செலவாகாத மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அது உங்கள் கணக்கில் வரவு. இரவில் கம்பியில் இருந்து எடுப்பது பற்று. இரண்டையும் கழித்து மிச்சத்துக்குப் பில். தெருக் கம்பியே உங்கள் உண்டியல் போல வேலை செய்கிறது. பேட்டரி தேவையில்லை.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் ஃபேன் ஓடாது. இது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உங்கள் மாடியில் இருந்து மின்சாரம் கம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தால் அவர் நிலை என்ன ஆகும்? "சோலார் போட்டால் கரண்ட் கட்டே கிடையாது" என்று யாராவது விற்றால், அவர் பேட்டரி உள்ள வகையைச் சொல்கிறாரா, அல்லது விஷயத்தை மறைக்கிறாரா என்று கேளுங்கள். பேட்டரி வைத்தால் செலவு கூடும். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும்.

இதற்கு முன் நம் மாநிலத்தில் 2011-ல் ஆரம்பித்த முதலமைச்சரின் பசுமை வீடு திட்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். ஏழைக் குடும்பங்களுக்கு 300 சதுர அடியில் ரூ.1.80 லட்சம் செலவில் வீடு. அதில் ஐந்து சோலார் விளக்கு. கூரையில் சூரியனைப் பிடிக்கும் யோசனை வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அது காட்டியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 2012-லேயே தன் வீட்டு மாடியில் சோலார் அமைத்து, சமையலறைக் கழிவில் எரிவாயு, மழைநீர் சேகரிப்பு, மாடித் தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே வீட்டில் செய்து காட்டியவரை ஊரே 'சோலார் சுரேஷ்' என்று அழைக்கிறது. அன்று பேனல் விலை இன்றைவிடப் பல மடங்கு. இன்று விலை இறங்கி, மானியமும் வந்திருக்கிறது.

மானியம் எவ்வளவு, எப்படி?

மத்திய அரசின் 'பிரதமர் சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. மானியம் இப்படி:

• 1 கிலோவாட்: ரூ.30,000
• 2 கிலோவாட்: ரூ.60,000
• 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல்: ரூ.78,000 (இதுவே உச்ச வரம்பு)

மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

விண்ணப்பம் அரசின் தேசிய இணையதளத்தில்தான். மின் இணைப்பு எண், செல்பேசி எண் இருந்தால் போதும். பிறகு அதில் பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பொருத்திய பின் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், மின்வாரிய அதிகாரியின் ஆய்வு, சான்று. அதன் பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று விதி திருத்தப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டியவை:

ஒன்று, மானியம் பின்னால்தான் வருகிறது. 2 கிலோவாட்டுக்கு ரூ.1,30,000 ஆகிறது என்றால், அதை முழுவதும் முதலில் புரட்ட வேண்டும். ரூ.60,000 பிறகு வரும்.

இரண்டு, மானியம் வேண்டுமானால் பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல் உள்ள பேனல் விலை குறைவு. அதைக் காட்டிக் குறைந்த விலை சொல்பவரிடம் வாங்கிவிட்டால், மானியம் வராது.

மூன்று, மானியம் வீடுகளுக்கு மட்டும். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் நம் குடும்பங்கள் பல. கடையின் வணிக இணைப்புக்கு இந்த மானியம் கிடையாது. வீட்டு இணைப்புக்கு மட்டுமே.

நான்கு, "மானியத்தைப் பெற்றுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். விவரம் தெரியாவிட்டால் நம் ஊர் மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பேர் யார் பேரில் இருக்கிறது?

பல வீடுகளில் காரியம் தடைப்படுவது இங்கேதான். அத்தா வஃபாத்தாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். மின் இணைப்பு இன்றும் அவர் பெயரில் இருக்கும். விண்ணப்பிப்பவர் மகன், வங்கிக் கணக்கு மருமகள் பெயரில். மூன்றும் பொருந்தாவிட்டால் மானியம் வந்து சேராது. ஆகவே முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும்.

இதில் இன்னொரு பெரிய பொறுப்பும் இருக்கிறது. பாகம் பிரிக்காத வீடு என்றால், அந்த மாடியில் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. கட்டிக் கொடுத்த சகோதரிகளுக்கும் உண்டு. ஒரு அண்ணன் தன் பணத்தில் ஒன்றரை லட்சம் போட்டு சோலார் வைக்கிறார். நாளைக்கு வீட்டை விற்கும்போதோ பிரிக்கும்போதோ, அந்தப் பேனல் யாருடையது? பணம் போட்டவருடையதா, வீட்டோடு சேர்ந்ததா? மானியமாக வந்த பணம்? இன்று வாயால் "பரவாயில்லை" என்று சொல்பவர்கள், நாளைக்கு அவர்கள் பிள்ளைகளும் அப்படியே சொல்வார்கள் என்று நம்ப முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி வைத்து விடுங்கள். உறவைக் காக்க அதுவே மலிவான வழி. முடிந்தால் பாகப் பிரிவினையையே முதலில் முடித்துவிடுவது இன்னும் நல்லது.

வட்டியில்லாமல் எப்படி?

இத்திட்டத்தில் வங்கிகள் ஏறக்குறைய 6, 7 சதவீத வட்டியில் ஈடு இல்லாமல் கடன் தருகின்றன. "மாதம் மிச்சமாகும் பில் தொகையையே தவணையாகக் கட்டிவிடலாம்" என்பது விற்பனையாளரின் வாதம். கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வட்டி குறைவு என்பதால் அது வட்டி இல்லாமல் போய்விடாது. ஃபேன் ஓட வேறு வழி உள்ள ஒரு வீட்டுக்கு, மாடியில் பேனல் என்பது நிர்ப்பந்தம் அல்ல.

வேறு வழிகள் இருக்கின்றன:

• சிறிதாகத் தொடங்குவது. இன்று 1 கிலோவாட், பிறகு இன்னொன்று. இன்வெர்ட்டரை மட்டும் முதலிலேயே கொஞ்சம் பெரிதாக வாங்கினால் பின்னால் சேர்க்க எளிது. ஆனால் மானியம் ஒரு வீட்டுக்கு வரம்புக்கு உட்பட்டது. பின்னால் சேர்ப்பதற்கும் கிடைக்குமா என்பதை முன்பே மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள்.
• அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள் சேர்ந்து ஒவ்வொரு வீடாக முறை வைத்துச் செய்வது. ஏலம் இல்லாத, தள்ளுபடி இல்லாத, போட்ட பணம் அப்படியே திரும்பும் முறையாக இருக்கட்டும்.
• மானியம் வரும் வரைக்குமான இடைவெளிக்கு அழகிய கடன் (கர்ழ் ஹஸன்). ரூ.70,000 கையில் வைத்திருப்பவர், மானியமாக வர இருக்கும் ரூ.60,000 இல்லாமல்தான் வங்கிக்குப் போகிறார். மஹல்லா ஜமாஅத்துகளின் பைத்துல்மால் இந்த இடைவெளியை நிரப்ப முடியும். ஒருவருக்குக் கொடுத்து, மானியம் வந்ததும் திரும்பப் பெற்று, அதே பணத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பணம் தேயாது, ஒரு குடும்பம் வட்டியில் இருந்து தப்பும்.
• விலையை முதலிலேயே நிர்ணயித்து, கூடுதல் சேர்க்காமல் தவணையில் கொடுக்கும் நிறுவனம் இருந்தால், அதன் ஒப்பந்தத்தை ஆலிம் ஒருவரிடம் காட்டிக் கேட்டு முடிவெடுக்கலாம். தாமதமானால் அபராத வட்டி என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஜகாத் பெற உரிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆனே (9:60) வரையறுத்திருக்கிறது. மாடி வீடு கட்டியவரின் சோலாருக்கு அது உரியதல்ல.

பணம் போடும் முன் மாடியைப் பாருங்கள்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. தென்னை மரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் இவற்றின் நிழலைக் காலை 9 மணி, பகல் 12 மணி, மாலை 3 மணி என்று மூன்று முறை மாடியில் நின்று பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையுமே இழுத்துவிடும். பேனல் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே இன்னொரு மாடி எடுக்கும் எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் இப்போது போடாதீர்கள். கழற்றி மாட்டும் செலவு வீண்.

வர்தா புயல் (2016 டிசம்பர் 12) நம் பகுதியில் தகரக் கூரைகளைப் பறக்கவிட்டதை மறக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய நல்ல இரும்புச் சட்டம், கான்கிரீட் பீடம், நல்ல போல்ட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைத் துளைத்தால் மழைக்கு ஒழுகும். துளைக்காமல் பீடம் கட்டச் சொல்லுங்கள், அல்லது துளைத்த இடத்தை முறையாக அடைக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

லாரிப் புழுதியும் தொழிற்சாலைத் தூசும் நமக்குப் பழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறும் முன் துடைத்தால் விளைச்சல் குறையாது. உப்புத் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிட்டால் வெள்ளைக் கறை படியும், துணியால் துடைத்துவிடுங்கள்.

சோலாருக்கு முன், சோலாரைவிட மலிவாக

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், பில் குறைவாக உள்ளவர்களுக்கும், பணம் சேராதவர்களுக்கும் இந்தப் பகுதி முக்கியம். சோலார் போடப் போகிறவர்களும் இதை முதலில் செய்தால், சிறிய சோலாரே போதுமானதாகிவிடும்.

ஃபேன்: பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. ஐந்து ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்குப் பழையது 270 யூனிட், புதியது 108. மிச்சம் 160 யூனிட்டுக்கும் மேல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிலோவாட் சோலார் போட்டதற்குச் சமம்! 640 யூனிட் வீடு இதை மட்டும் செய்தாலே 480 ஆகி, 500 என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரே நேரத்தில் முடியாவிட்டால், அதிக நேரம் ஓடும் ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் முதலில் மாற்றுங்கள். வீடு மாறினாலும் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

மாடித் தளம்: கோடையில் மேல் மாடி இரவெல்லாம் அனலாக இருப்பது, பகல் வெயிலைத் தளம் குடித்து வைத்திருப்பதால். பங்குனி பிறக்கும் முன் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ அடித்தால் உள்ளே சூடு குறையும். ஏசியின் ஓட்டமும் குறையும்.

ஏசி: 24-க்கும் 26-க்கும் இடையில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகப் போட்டால் போதும். புதிதாக வாங்கினால் நட்சத்திரக் குறியீடு அதிகம் உள்ள இன்வெர்ட்டர் வகையைப் பாருங்கள்.

வெந்நீர்: 2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். சோலார் வாட்டர் ஹீட்டர் நல்லதுதான். ஆனால் நம் ஊரில் குளிர் காலம் குறைவு. உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்து, ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

மழைநீர்: 2003-ல் தமிழக அரசு எல்லா வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள் தூர் எடுங்கள். நிலத்தடி நீர் ஏறினால் மோட்டார் ஓடும் நேரம் குறையும். அதுவும் மின்சாரச் சேமிப்புதான்.

பள்ளிவாசல்களும் முன்மாதிரியாகலாம்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள், ஒரு ஸாஉ அளவில் குளித்தார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. நாம் குழாயை முழுதாகத் திறந்து விட்டு உளூச் செய்தால் எத்தனை லிட்டர் போகிறது என்று ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றியது மோட்டார். மோட்டாரை ஓட்டியது மின்சாரம். மெதுவாகத் திறக்கும் குழாயும், உளூத் தண்ணீரைத் தோட்டத்துக்கோ உறிஞ்சு குழிக்கோ விடும் ஒரு பைப்பும் பெரிய செலவல்ல.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் உள்ள இஸ்திக்லால் பள்ளிவாசல் தன் கூரையில் 500-க்கும் மேற்பட்ட சோலார் பேனல்களை அமைத்து, 2022-ல் சர்வதேச பசுமைக் கட்டடச் சான்று பெற்றது. மொராக்கோவில் அரசே பள்ளிவாசல்களுக்குச் சோலாரும் எல்.இ.டி. விளக்கும் அமைக்கும் திட்டத்தை நடத்தியது. நம் பள்ளிவாசல்களுக்கு வீட்டு மானியம் கிடையாது என்றாலும், ஸதக்கத்துல் ஜாரியாவாகச் செய்ய நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. வக்ஃப் இடமாக இருந்தால் முத்தவல்லியும் நிர்வாகமும் உரிய அனுமதியோடு செய்ய வேண்டும்.

சுருக்கமாக

• இரண்டு மாத உபயோகம் 200 யூனிட்டுக்குள்: சோலார் வேண்டாம். ஃபேனையும் விளக்கையும் மாற்றினால் போதும்.
• 200 முதல் 500: முதலில் ஃபேன், வெள்ளைத் தளம். பிறகும் பில் இறங்காவிட்டால், கையில் பணம் இருந்தால் 1 கிலோவாட்.
• 500-க்கு மேல்: சோலார் லாபம். 2 அல்லது 3 கிலோவாட். ஆனால் கடனுக்காக வட்டிக்குப் போகாதீர்கள்.
• யாராக இருந்தாலும்: குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர் உத்தரவாதத்தையும், ஐந்து வருடப் பராமரிப்பையும் எழுதி வாங்குங்கள். நெட் மீட்டர் பொருத்தும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

கட்டணமும் மானியமும் அரசு முடிவுப்படி மாறக்கூடியவை. கையெழுத்திடும் முன் அன்றைய விவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாத முதியோருக்கும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும், நம் தெருவில் படித்த பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஒதுக்கி உதவினால், ஏமாற்றுக்காரர்களுக்கு வேலை இருக்காது.

இன்று இரவு இஷாவுக்குப் பின் ஆறு பில்களையும் எடுத்து வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். வந்த எண்ணே உங்களுக்கு வழி சொல்லும். வீண்விரயம் இல்லாத, வட்டி இல்லாத இல்லங்களாக நம் இல்லங்களை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.